கங்கம்மா: பெயரில் நீர், உருவில் மண்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வந்தால் சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். தெருவெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் மேளமுமாகக் கங்கம்மா ஜாத்திரை நடக்கிற வேளையில், இங்கேயே பிறந்து தெலுங்கில் படிக்கிற பேரப்பிள்ளை கேட்கும்: "தாத்தா, கங்கம்மா நம்ம சாமியா, அவங்க சாமியா?"

கேள்வி சின்னது. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. "கங்கைன்னா காசிக்குப் போற நதி, அது வடமொழிப் பேரு, வடக்கேயிருந்து வந்த சாமி" என்பார் ஒருவர். "இல்லை, இல்லை, கங்கு என்பது சுத்தத் தமிழ், அதிலிருந்துதான் கங்கை" என்பார் இன்னொருவர். எங்கள் தமிழ்ச் சமணர் வீடுகளில் மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: "இந்த அம்மன்களெல்லாம் பழைய காலத்து யக்ஷிகள்தான், பேர் மாறிப்போச்சு."

மூவருமே ஒரு பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தெய்வத்துக்கே பட்டா எழுதப் பார்க்கிறார்கள். ஒரு சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்தால் அந்தத் தெய்வத்தின் பிறப்பையே கண்டுபிடித்ததாகுமா? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி. நான் சித்தூரில் வெல்ல மண்டி வைத்துப் பிழைப்பவன். கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கடையடைத்த பிறகு அகராதிகளோடு உட்காருகிற பழக்கம் நாற்பதாண்டுகளாக இருக்கிறது. அவ்வளவே என் தகுதி. எடை போட்டுப் பழகிய கை என்பதால், இந்த மூன்று பதில்களையும் தராசில் வைத்துப் பார்க்க முனைகிறேன். அன்பர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

பெயர் ஒன்று சொல்ல, வழிபாடு வேறொன்று சொல்கிறது

முதலில் வழிபாட்டைப் பார்ப்போம். திருப்பதித் தாதய்யகுண்ட கங்கம்மாவை ஊரார் திருமலையானின் தங்கையாகக் கொண்டாடுகிறார்கள். ஜாத்திரைக்குத் திருமலையிலிருந்து புடவையும் மஞ்சள் குங்குமமும் சீராக வருகின்றன. ஊர்ப் பெண்களைக் கெடுத்த ஒரு பாளையக்காரனை அம்மன் வேஷம் மாற்றி வேஷம் மாற்றித் தேடிச் சென்று தலை கொய்தாள் என்பது கதை. அதனால்தான் ஆண்கள் அந்த வாரம் பைராகி, தோட்டி, தொர, மாதங்கி என்று நாளுக்கொரு வேஷம் கட்டுகிறார்கள். சேலை கட்டிப் பூ முடித்து வருகிறார்கள். ஜாத்திரையின் முடிவில் கோயில் முன்னே களிமண்ணால் அம்மனின் பெரிய முகம் எழுப்பப்படுகிறது. விசுவரூபம் என்று பெயர். அந்த முகம் பிறகு கலைக்கப்படும். கலைத்த மண்ணைப் பிடி பிடியாக வாங்கிக்கொண்டு போய் மக்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஜாத்திரையை ஊரோடு தங்கி ஆராய்ந்து ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2013இல் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் கங்கை, அதாவது நீர். ஆனால் தெய்வம் மண்ணிலிருந்து எழுந்து, மண்ணாகவே கலைந்து, மண்ணாகவே வீடு போய்ச் சேர்கிறாள். வழிபாட்டை மட்டும் பார்த்தால் இவளை நிலமகள் என்றல்லவா சொல்லத் தோன்றும்?

பக்கத்திலேயே திருச்சானூர் இருக்கிறது. அங்கே தல புராணத்தில் பத்மாவதித் தாயார், ஆகாசராஜன் நிலத்தை உழும்போது தாமரையில் கிடைத்த குழந்தை. வளர்த்த தாயின் பெயர் தரணி தேவி. தரணி என்றால் தாங்குபவள், பூமி. அந்தக் கதையில் வானம் தந்தை, மண் தாய் என்று பெயரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. கங்கம்மாவின் பெயரோ மறைக்கிறது. வெளிப்படையான பெயருக்கு ஆராய்ச்சி வேண்டாம். மறைக்கிற பெயருக்குத்தான் வேண்டும்.

மண்ணை உயிராகப் பார்ப்பது எங்கள் குடும்பங்களுக்குப் புதிதல்ல. சமண நூல்களில் மண்ணே ஓரறிவு உயிர், பிருதிவிகாயம் என்பர். ஜாத்திரையில் நடக்கும் பலி எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்கம் போகவும் மாட்டேன். ஆனால் ஒரு சொல்லை ஆராய அது தடையாகாது.

மூன்று எடைக்கற்கள்

சொல்லாராய்ச்சி என்றாலே நம்மவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். இரண்டு சொல் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் உடனே கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யலாகாது. மூன்று எடைக்கற்கள் வேண்டும்.

முதற்கல் ஒலி. ஒரு சொல்லில் நடந்த ஒலிமாற்றம் அதே நிலையிலுள்ள பிற சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். நமக்கு இது தினமும் காதில் விழுகிற சங்கதிதான். தமிழில் புகை, தெலுங்கில் பொக. புகையிலை அங்கே பொகாகு. குடை அங்கே கொடுகு. புலம் அங்கே பொலமு, அதாவது வயல். நம் உகரம் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒகரம் வருகிறது. இது தற்செயலன்று, ஒழுங்கு. என் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வேர், கன்னடத்தில் பேரு, தெலுங்கில் வேரு. கன்னடத்தார்தான் வகரத்தைப் பகரமாக்குகிறார்கள், தெலுங்கர் ஆக்குவதில்லை. ஆனால் நம் வெல்லம் கன்னடத்தில் பெல்ல, தெலுங்கிலும் பெல்லம். அப்படியானால் தெலுங்குக்கு இந்தச் சொல் கன்னட வழியாக வந்ததோ என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஒழுங்கு தெரிந்தால்தான் ஒழுங்கு மீறியது கண்ணில் படும்.

இரண்டாம் கல் காலம். ஒரு சொல் முதன்முதலில் எந்த நூலில், எந்தப் பொருளில் வந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாம் கல் வழக்கு. சொல்லின் பொருளும் அந்தத் தெய்வத்துக்கு மக்கள் செய்வதும் பொருந்த வேண்டும்.

இந்த வழி நமக்கு யாரோ புதிதாகச் சொன்னதல்ல. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்று சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். கால்டுவெல் ஒப்பிலக்கணம் 1856. பரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961. திருத்திய பதிப்பு 1984. அதற்கெல்லாம் வெகு முன்னே தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்து, வடசொல் தமிழில் வந்தால் வடவெழுத்தை நீக்கி நம் எழுத்தில் வரவேண்டும் என்று விதியும் வைத்தது. பவணந்தி முனிவரின் நன்னூலும் அவ்வாறே. கடன் வாங்கிய சொல்லைக் கடன் என்று கணக்கில் எழுதுவது நம் இலக்கணிகளுக்கு அவமானமாகப் படவில்லை. நமக்கு மட்டும் ஏன் படவேண்டும்?

கங்கை என்னும் சொல்

இனிக் கங்கையை எடை போடுவோம். காலக் கல்லை வைத்தால், இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் நதிகளை வரிசையாகப் போற்றும் 75ஆம் சூக்தத்தில் கங்கையின் பெயர் வருகிறது. செல்வதால் கங்கை என்று யாஸ்கரின் நிருக்தம் விளக்கம் சொல்கிறது. கம் என்னும் வினைக்குச் செல்லுதல் என்று பொருள். வேறு சில அறிஞர்கள், மீகாங் ஆற்றின் பெயரிலுள்ள 'கோங்', சீனரின் 'ஜியாங்' ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இது கீழைத்தேசத்துப் பழைய ஆற்றுச் சொல்லாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் அந்தச் சொற்களின் பழைய வடிவத்தில் ஒரு ரகரம் இருந்தது என்று பின்னால் காட்டியிருக்கிறார்கள். கங்கையில் அது இல்லை. ஆகவே ஒலிக் கல் அங்கே இறங்கமாட்டேன் என்கிறது.

தமிழில்? சங்க நூல்களிலேயே கங்கை உண்டு. நந்தர் தம் செல்வத்தைக் கங்கை நீருக்கடியில் மறைத்த செய்தியை மாமூலனார் அகநானூற்றின் 265ஆம் பாட்டில் வைத்திருக்கிறார். அங்கே கங்கை வடக்கே ஓடும் ஆறுதான், ஊர்த்தெய்வமன்று.

பிறகு இந்தப் பெயர் ஒரு நதியை விட்டு எல்லா நீருக்கும் பரவியது. இலங்கையில் மகாவலி கங்கை, களனி கங்கை என்கிறோம். சிங்களத்தில் கங்க என்றாலே ஆறு. வங்காளத்துக் கிராமத்தானும் ஆற்றைக் 'காங்' என்பான். ஸ்ரீசைலத்தில் கிருஷ்ணைக்கே பாதாள கங்கை என்று பெயர். திருமலையில் அருவிக்கு ஆகாச கங்கை. கிருஷ்ணை நீரைச் சென்னைக்குக் கொண்டுவர 1983இல் ஒப்பந்தமாகி, 1996இல் தண்ணீர் வந்து சேர்ந்த கால்வாய்க்கு என்ன பெயர்? தெலுங்கு கங்கை! கங்கைக்கும் அதற்கும் சொட்டு நீர் சம்பந்தமில்லை. ஆனால் உயிர் காக்கும் நீர் எதுவாயினும் கங்கையென்று சொல்ல நம் நாவு பழகிவிட்டது.

ஆகவே கங்கம்மா என்றால் காசியிலிருந்து கிளம்பி வந்தவள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஊரின் அம்மை நீர்போல் காப்பவள் என்று கொண்டாலே போதும். வந்தது பெயர், வந்தவள் தெய்வம் என்பதற்குச் சான்றில்லை. முதல் பதில் சொன்னவர் பெயரின் ஊரைச் சரியாகச் சொன்னார். பெயரோடு சாமியையும் ரயிலேற்றிவிட்டதுதான் பொருந்தவில்லை.

கங்கு என்னும் மயக்கம்

இரண்டாம் பதில் மிகவும் அழகானது. தமிழில் கங்கு என்றால் வயல் வரப்பு, கரை, எல்லை. "கங்குகரை இல்லாத சந்தோஷம்" என்று இன்றும் பேசுகிறோம். கங்கு எல்லையானால், கங்கம்மா எல்லையம்மா! வயல் வரப்பில் நிற்கும் காவல் தெய்வம்! அட, என்ன பொருத்தம் என்று தோன்றும். வழக்குக் கல்லும் இறங்கும்போலத்தான் இருக்கிறது.

ஆனால் ஒலிக் கல்லை வையுங்கள். சித்தூரிலிருந்து தெற்கே இறங்கினால் குடியாத்தம். கவுண்டன்ய நதிக்கரையில் அங்கே அம்மன் கோயில். வைகாசி முதல் நாளில் நடக்கும் சிரசுத் திருவிழாவுக்கு நம் ஊர்களிலிருந்தும் கூட்டம் போகிறது. அந்த அம்மன் பெயரைக் கோயிலாரும் ஊராரும் எப்படிச் சொல்கிறார்கள்? கங்கையம்மன் என்றல்ல, கெங்கையம்மன் என்று.

அந்த ஓர் எழுத்துதான் சாட்சி. தமிழ் நாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிறமொழியிலிருந்து அழுத்தமான ககர, சகர, தகர, பகர ஒலியோடு ஒரு சொல் வந்தால், அடுத்து நிற்கும் அகரத்தை எகரமாக்கிவிடும். கருடன் கெருடன் ஆகிறான். கடிகாரம் கெடிகாரம். தண்டம் தெண்டம். பலம் பெலம். ஜபம் செபம். ஜன்மம் சென்மம். ஆனால் நம் சொந்தச் சொல்லை நாவு இப்படித் தொடாது. கல்லை யாரும் கெல் என்பதில்லை. கடல் கெடல் ஆவதில்லை. தலை தெலை ஆவதில்லை. பகல் பெகல் ஆவதில்லை. கங்கும் கெங்கு ஆனதில்லை. கங்கை மட்டும் கெங்கை ஆகிறது.

என்ன தெரிகிறது? எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமாரின் நாவு, எது வீட்டுச் சொல், எது விருந்துச் சொல் என்று பிரித்தே வைத்திருக்கிறது. கங்கை விருந்துச் சொல். நேரே எந்த மொழியிலிருந்து வந்தது, இடையில் எந்த மொழியில் தங்கி வந்தது என்பதை இந்த எழுத்து சொல்லாது. வெளியிலிருந்து வந்தது என்பதை மட்டும் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லும். அழகான விளக்கமும் உண்மையான விளக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. மூட்டை நன்றாகத் தைத்திருக்கிறது என்பதற்காகப் பிரித்துப் பாராமல் வெல்லம் வாங்குவாருண்டோ?

எல்லம்மாவும் போலேரம்மாவும்

எல்லைத் தெய்வம் என்ற கருத்தையே கைவிட வேண்டுமா? வேண்டாம். அதற்குத் தனிப்பெயர்கள் இருக்கின்றன. எல்லம்மா என்ற பெயரைத் தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் வழிபடுகிறார்கள். தமிழில் எல்லை, தெலுங்கில் எல்ல, கன்னடத்தில் எல்லெ. மூன்றும் ஒரே வேர். கன்னடத்தில் சிலர் எல்ல என்பதற்கு 'எல்லாம்' என்று பொருள் கொண்டு, எல்லாருக்கும் தாய் என்பர். சங்கத் தமிழில் எல் என்பதற்கு ஒளி, பகல் என்ற பொருளும் உண்டு. ஒலிக் கல்லுக்கு மூன்றுமே இறங்கும். அப்போது வழக்குக் கல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் எல்லை தாண்டித் தங்கமாட்டார்கள். திருப்பதி ஜாத்திரையிலும் சாட்டிம்பு என்னும் அறிவிப்பு ஆனபிறகு அதே கட்டுப்பாடு. எல்லை காப்பதே இந்த அம்மன்களின் முதல் வேலை. எனவே எல்லை என்ற பொருளே கனமாக நிற்கிறது.

வெங்கடகிரியில் போலேரம்மா. தெலுங்கில் பொலிமேர என்றால் ஊரெல்லை. பொலமு வயல், மேர வரம்பு. பொலிமேர அம்மாதான் போலேரம்மா என்பார்கள். வழக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் பொலிமேரவிலிருந்த மகரம் எங்கே போயிற்று என்று ஒலிக் கல் கேட்கிறது. அதே இடத்தில் அதே மகரம் விழுந்த வேறு சொற்களைக் காட்டினால்தான் இது நிலைக்கும். அதுவரை இதனை நல்ல ஊகம் என்ற கணக்கில் எழுதி வைப்போம். வரவில் எழுத வேண்டாம்.

ரேணுகா என்றால் புழுதி

குடியாத்தத்துச் சிரசு யாருடைய சிரசு? கதை கேட்டால் ரேணுகாதேவி என்பார்கள். ஜமதக்னி முனிவரின் மனைவி, பரசுராமரின் தாய். கணவன் ஆணைப்படி மகன் கையால் தலை துண்டிக்கப்பட்டவள். பெயர் கெங்கை, கதை ரேணுகை! திருவிழாவில் சிரசு ஊர்வலமாக வந்து வேறோர் உடலில் பொருத்தப்படுகிறது. அங்கிருந்து தெற்கே படவேட்டில் ரேணுகாம்பாள். அது எங்கள் ஆரணி, போளூர்ப் பக்கத்துப் பூமி. அங்கே மூலத்தானத்தில் தரைக்கு மேலே தெரிவது சிரசு மட்டுமே. வெட்டி எடுத்த மண்ணே அங்கே திருநீறாக வழங்கப்படுகிறது.

இப்போது பெயரை எடை போடுங்கள். ரேணு என்றால் வடமொழியில் தூசி, புழுதி, மகரந்தம். இருக்கு வேதத்திலேயே உள்ள சொல். ரகரம் நம் மொழியில் மொழிமுதல் ஆகாது. அதனால் இலக்கணப்படி எழுதினால் இரேணுகை. (தெலுங்கில் ரகரத்தில் தொடங்குவதெல்லாம் வடசொல் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு அங்கே ரெண்டு. உரல் அங்கே ரோலு. அவை நம் வீட்டுச் சொற்களே.) ஆக ரேணுகா வடசொல், அதன் பொருள் மண்துகள். கங்கம்மாவின் பெயர் மறைத்ததை ரேணுகாவின் பெயர் உடைத்துச் சொல்லிவிட்டது.

கதையையும் கவனியுங்கள். மகாபாரதத்து வனபருவத்தில் ரேணுகை மீண்டும் உயிர் பெறுகிறாள். ஆனால் தலை மாறிப் பொருத்தப்பட்ட கதை அங்கே இல்லை. அது நம் தெற்கத்தி மக்கள் சேர்த்தது. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி புதுச்சேரிப் பக்கம் இதே கதையைக் கேட்டு 1782இல் அச்சிட்டார். அதில் அவளுக்கு அவர் தரும் பெயர் ரேணுகா அன்று, மாரியாத்தாள்! அவர் நூல் வழியாகக் கதையை அறிந்த ஜெர்மானியக் கவிஞர் கோதே அதை வைத்து 'பறையன்' என்னும் மூன்று கவிதைகளை எழுதி 1824இல் வெளியிட்டார். நம் வட ஆர்க்காட்டுப் பாட்டி சொன்ன கதை ஜெர்மனிவரை போயிருக்கிறது!

ஒரே கதை, படவேட்டில் ரேணுகா, குடியாத்தத்தில் கெங்கை, புதுச்சேரியில் மாரி, கன்னட நாட்டுச் சவதத்தியில் எல்லம்மா. பெயர்தான் தெய்வம் என்றால் இவர்கள் நால்வர். செய்வதைப் பார்த்தால் இவர்கள் ஒருவரே: மண்ணிலிருந்து முகம் காட்டுகிற தாய். வேஷம் மாற்றி வேஷம் மாற்றி வந்தவள் என்று கங்கம்மா கதை சொல்கிறதே, பெயரும் அவள் கட்டிய வேஷங்களில் ஒன்று என்று ஏன் கொள்ளக்கூடாது?

எங்கள் வீட்டுப் பதில்

மூன்றாம் பதிலை விட்டுவிட்டால் தராசு கோணும். எங்கள் சமணத்தில் நேமிநாதரின் யக்ஷி அம்பிகா. பார்சுவநாதரின் யக்ஷி பத்மாவதி. ஆகவே ஊர் அம்மன்கள் எல்லாம் அம்பிகா யக்ஷி, திருச்சானூர்த் தாயார் எங்கள் பத்மாவதி என்று சிலர் ஆசையோடு சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆனால் ஆசை எடைக்கல் ஆகாது.

போளூருக்கு அருகில் ஒரு திருமலை இருக்கிறது. நேமிநாதரின் பெரிய திருவுருவமும் இராசராசனின் தமக்கை பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயமும் உள்ள மலை அது. திருப்பதியிலும் திருமலை இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் மலை ஒன்றாகிவிடுமா? தாமரை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான பூ. பத்மாவதி என்ற பெயர் யாருக்கும் வரலாம். ஓரிடத்தில் யக்ஷி வழிபாடு இருந்ததென்று சொல்ல அங்கே சிலை வேண்டும், கல்வெட்டு வேண்டும். திருமலையில் அவை உள்ளன, பார்த்துச் சொல்லலாம். பெயரை மட்டும் வைத்து ஊர் ஊராகக் கோயிலுக்கு உரிமை கொண்டாடினால், நாளைக்கு நம் கோயிலுக்கும் அதே வழியில் வேறொருவர் வருவார். மண்டலபுருடர் என்ற சமணப் புலவர் சூடாமணி நிகண்டில் தெய்வப் பெயர்களையெல்லாம் தொகுத்தார். தொகுத்தாரே தவிர, எல்லாம் எங்களுடையவை என்று எழுதிக்கொள்ளவில்லை.

முன்பாதி மாறும், பின்பாதி நிற்கும்

கங்கம்மா, எல்லம்மா, போலேரம்மா, மாரியம்மா. முன்பாதி ஊருக்கு ஊர் மாறுகிறது. பின்பாதி அசையவில்லை. அம்மா! கங்கை வடக்கேயிருந்து வந்தபோதும் அந்த அம்மாவின் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதே தவிர, அவளை நகர்த்தவில்லை. ரேணுகாவும் இங்கே வந்து ரேணுகாம்பாள் ஆனாள்.

அப்படியானால் அம்மா என்பது தமிழா என்று கேட்பீர்கள். தமிழில் அம்மை, அம்மா. தெலுங்கிலும் கன்னடத்திலும் அம்ம. வடமொழியில் அம்பா. யாரிடமிருந்து யார் வாங்கினார்கள்? இங்கே ஒலிக் கல் பயன்படாது. ஏனெனில் குழந்தை முதலில் சேர்த்து உச்சரிக்கக்கூடிய ஒலிகள் மகரமும் அகரமும். அதனால்தான் உலக மொழிகள் பலவற்றில் தாய்க்கு இவ்வகைச் சொல்லே இருக்கிறது என்று ரோமன் யாகப்சன் என்ற மொழியறிஞர் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். விலக்கும் உண்டு. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் தந்தை; நமக்கோ தாய்மாமன்! ஆகவே இச்சொல்லை யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை. அந்தந்த வீட்டுக் குழந்தையே அதை உண்டாக்கிக்கொள்ளும்.

ஆராய்ச்சி வந்து நிற்கிற இடம் இதுதான். பெயரின் முன்பாதிக்கு மொழி உண்டு, காலம் உண்டு, வந்த வழி உண்டு. அதைக் கூசாமல் கணக்கில் எழுதலாம். பின்பாதி எவர் பேரிலும் பட்டாவாகாது. நிலமகளின் பழமையைக் கங்கை என்ற சொல்லில் தேடினால் வடக்கே போவோம். எல்லை என்ற சொல்லில் தேடினால் தெற்கே நிற்போம். அவளோ இரண்டு சொல்லுக்கும் கீழே, களிமண்ணில் இருக்கிறாள்.

பேரப்பிள்ளைக்குப் பதில்

நம் ஊர் சரித்திரத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா தனியாயிற்று. பிறகு ஆந்திரம் வந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. நூற்றுப் பதினோராண்டுக்குள் இத்தனை முறை எல்லைக்கல் நட்டார்கள். ஆனால் மே மாதம் வந்தால் குடியாத்தத்துக்கு இங்கிருந்து போகிறார்கள். திருப்பதிக்கு அங்கிருந்து வருகிறார்கள். கூழ் என்றாலும் அம்பலி என்றாலும் கேழ்வரகு ஒன்றுதான்.

"நம்ம சாமியா, அவங்க சாமியா?" என்று கேட்கிற பிள்ளையிடம் நான் சொல்லச் சொல்வது இதுதான்: "கங்கைங்கிற பேரு வடக்கேயிருந்து வந்தது கண்ணு. எல்லைங்கிற பேரு நமக்கும் தெலுங்குக்காரங்களுக்கும் பொதுவானது. அம்மாங்கிற பேரு எல்லாருக்கும் சொந்தம். மண்ணு இந்த ஊரு மண்ணு." இதில் பொய் எதுவுமில்லை. யாரையும் வெளியே நிறுத்தவுமில்லை.

கடைசியாக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெங்கை என்ற ஓர் எழுத்து எவ்வளவு பெரிய சாட்சியாக நின்றது, பார்த்தீர்கள். அந்தச் சாட்சி நூலில் இல்லை, வாயில் இருக்கிறது. இன்று கோயில் புதுப்பிக்கும்போது பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் கெங்கையம்மனைத் திருத்தி ஸ்ரீ கங்கா பவானி என்றும், எல்லம்மாவைத் திருத்தி ஸ்ரீ ரேணுகா பரமேஸ்வரி என்றும் எழுதிவிடுகிறார்கள். பக்தியோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு சாட்சி வாய்மூடிப் போகிறது.

ஆகவே உங்கள் பூர்வீக ஊரிலும் இப்போது குடியிருக்கும் தெருவிலும் உள்ள அம்மன்களின் பெயர்களை, வீட்டில் மூத்த பெண்மணி எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த அம்மனுக்கு மண்ணில் உருவமா, கல்லிலா, சிரசு மட்டுமா, எந்த மாதம் காப்புக் கட்டு, எதுவரை ஊர் எல்லை என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தமிழ் எழுத வராத பேரப்பிள்ளை தெலுங்கு எழுத்தில் எழுதினாலும் சரியே. தெலுங்கு எழுத்தில் 'கெ' இன்னும் தெளிவாகவே விழும். சங்கத்தின் அடுத்த மலருக்கு ஆளுக்கு நான்கு பெயர் கொண்டுவந்தால், நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஓர் அம்மன் பெயர்த்தொகுதி கிடைத்துவிடும். பிறகு எடை போட நான் தயார்.